வாசகர் கேள்வி: பூசையில் உட்கார முடியவில்லை

கேள்வி: புதுச்சேரியில் திருச்சபை நடத்தும் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 38. அம்மா கடலூர் முதுநகரில் இருக்கிறார். எனக்கு ஞாயிறு பூசை தவறியதே இல்லை. பல வருடங்களாகப் பங்கில், அதாவது எங்கள் கோயில் வட்டாரத்தில், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். என்னைப் படிக்கவைத்து ஆளாக்கியதும் கன்னியாஸ்திரி மதர்கள்தான்.

போன வருடம் என் வகுப்பில் இருந்த விடுதிப் பையன் ஒருவன் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டான். உதவிப் பங்குச்சாமியைப் பற்றி அவன் வார்டனிடம் ஏதோ சொன்னதாகத் தெரிந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. ஒரு மாதத்துக்குள் சாமிக்கு வேறு பங்குக்கு மாற்றல். நான் கேட்டபோது, "டீச்சர், திருச்சபை பேரைக் காப்பாத்துறதும் நம்ம கடமைதான்" என்றார்கள். கோயில் கட்டட நிதிக் கணக்கைக் கேட்ட ஒருவருக்கும் இதே மாதிரிதான் பதில் வந்தது. பிரான்சில் இருக்கும் என் கொழுந்தனார், அங்கே வெளிவந்த விஷயங்களைச் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு எதுவும் ஒட்டவில்லை.

ஜெபமாலை சொல்கிறேன், கேட்க யாரும் இல்லை என்று தோன்றுகிறது. உயிர்ப்பு, கன்னிமரியா என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நாக்கு குழறுகிறது. ஆனால் ராத்திரியில் நரக பயத்தில் விழித்துக்கொள்கிறேன். நம்பாதவளுக்கு எதற்குப் பயம்? மே மாதம் மகளுக்குப் புதுநன்மை, முதல் முறையாக நற்கருணை வாங்கப்போகிறாள். கணவர் பக்தியுள்ளவர். அம்மாவுக்குத் தெரிந்தால் உடைந்துபோவார். திருச்சபை நேர்மையாக இருக்கிறதா, இல்லை எனக்குத்தான் ஏதாவது ஆகிவிட்டதா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தப் பையனைப் பற்றிப் பேச வேண்டும். நீங்கள் அவனைக் கடிதத்தின் நடுவில் சில வரிகளில் சொல்லிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். உங்கள் தூக்கம் கெட்டதற்கு அவன் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் (போக்சோ) 19ஆம் பிரிவுப்படி, இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ போலீசுக்குத் தெரிவிக்க வேண்டியது ஒவ்வொருவரின் கடமை. தெரிவிக்காமல் இருந்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் உள்ளவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்றும் அந்தச் சட்டமே சொல்கிறது.

நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பையன் சாமியைப் பற்றிச் சரியாக என்ன சொன்னான் என்பதும் உங்களுக்குத் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. உங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவன் மாறிப்போனான், ஏதோ சொன்னான், திரும்பி வரவில்லை. அதை அப்படியே 1098 குழந்தைகள் உதவி எண்ணில் சொல்லுங்கள், அல்லது காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். அவனைத் தேடிப்போய் நீங்களே விசாரிக்க வேண்டாம். ஆளாளுக்கு ஒரு தடவை கேட்டால் அது குழந்தைக்கு இன்னொரு கொடுமையாகிவிடும். அவன் பெயரைச் சக ஆசிரியர்களிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சாமியார் தவறே செய்யாதவராகவும் இருக்கலாம். அப்படியானால் விசாரணை இல்லாத மாற்றல் அவருக்கும் அநியாயம். போகிற ஊரெல்லாம் அந்தப் பேச்சு அவர் பின்னாலேயே போகும். தவறு செய்தவராக இருந்தால், புதிய பங்கிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் மாற்றல் ஒரு பதிலே இல்லை.

திருச்சபையின் பெயரைச் சொல்லி உங்கள் வாயை அடைத்தவர்கள் திருச்சபையின் சட்டத்தையே மீறியிருக்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். இத்தகைய விஷயம் தெரியவந்தால் குருக்களும் துறவியரும் மேலிடத்துக்குத் தெரிவிப்பதைப் போப் பிரான்சிஸ் 2019ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட ஆணை கட்டாயமாக்கியது. நாட்டின் சட்டப்படி செய்ய வேண்டிய புகாருக்கு அது தடையாகாது என்றும் அதிலேயே இருக்கிறது.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உண்மையில் அதில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. கடவுள் இருக்கிறாரா என்பது ஒன்று. அவர் பெயரில் நடக்கும் நிறுவனம் நேர்மையாக நடக்கிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், அது என் தொழிலும் இல்லை. உங்களைத் திரும்பக் கோயிலுக்குள் அனுப்பவும் மாட்டேன், வெளியே இழுக்கவும் மாட்டேன். இரண்டாவது கேள்விக்கு நம் ஊரிலேயே நீண்ட பதிவு இருக்கிறது. அதை நீங்கள் தாராளமாகக் கேட்கலாம், பதிலைத் தேடிப் பார்க்கலாம், கோபமும் படலாம்.

புதுச்சேரி மிஷன் வீதியில் இருக்கும் பேராலயமான சம்பா கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதுள்ள கட்டடம் 1791இல் எழுந்தது. அதற்கு முன்னால் அங்கே இருந்த கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து உட்காரவைக்க ஒரு சுவர் இருந்தது. 1745 அக்டோபரில் அந்த மக்களே திரண்டுபோய்ப் பெரிய சாமியாரிடம் நியாயம் கேட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது, உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். இதையெல்லாம் அந்தக் காலத்துப் புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். சுவரைக் கட்டியதும் திருச்சபைதான், இடித்ததும் திருச்சபைதான். ஆனால் கேட்டவர்கள் யார் என்று பாருங்கள். நம்பிக்கை இல்லாதவர்களோ வெளியாட்களோ கேட்கவில்லை. அந்தக் கோயிலில் முழங்காலில் நின்றவர்கள்தான் கேட்டார்கள்.

அதோடு சாதி போய்விட்டதா என்றால், இல்லை. 2008 மார்ச்சில், நம்முடைய புதுவை – கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் எறையூரில், தனிப்பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் அதே கோயிலைச் சேர்ந்த மற்றவர்களுக்கும் மோதல் வந்து, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு, அதைக் களைவதற்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டது 2016 டிசம்பரில்தான். சுவர் இடிந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் 271 வருடம்.

உங்கள் கொழுந்தனார் சொன்னதும் உண்மைதான். பிரான்சில் ஆயர்களும் துறவற சபைகளும் கேட்டுக்கொண்டு அமைத்த தனிக் குழு, ழான்-மார்க் சோவே என்ற மூத்த அரசு அதிகாரியின் தலைமையில் விசாரித்து, 2021 அக்டோபரில் அறிக்கை தந்தது. 1950 முதல் 2020 வரை குருக்களாலும் துறவியராலும் பாலியல் வன்முறைக்கு ஆளான சிறார் ஏறத்தாழ 2,16,000 பேர் என்பது அதன் மதிப்பீடு. அடுத்த மாதம் பிரெஞ்சு ஆயர்கள் லூர்து நகரில் கூடி, இது சில தனிமனிதர்களின் பாவம் மட்டுமல்ல, நிறுவனத்துக்கே பொறுப்பு உண்டு என்று ஏற்றுக்கொண்டார்கள். வில்லியனூர் லூர்து மாதா கோயிலுக்கு நம் அம்மாக்கள் எந்த மாதாவைத் தேடிப் போகிறார்களோ, அந்த மாதாவின் லூர்துதான்.

இதையெல்லாம் வைத்து நான் எடுக்கும் முடிவு இது. திருச்சபை தானாக முன்வந்து உண்மை சொன்ன சந்தர்ப்பங்கள் குறைவு. கேட்டவர்கள் விடாமல் கேட்டபோது சொல்லியிருக்கிறது, சில சமயம் மிகவும் தாமதமாக. எந்தப் பெரிய நிறுவனமும் இப்படித்தான் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. செய்த பாவத்தைச் சாமியாரிடம் வாய்விட்டுச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் என்ற ஒன்றை ஏழெட்டு வயதுக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நிறுவனம், தன் குற்றத்தைச் சொல்வதில் மற்றவர்களைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்ததில் ஒரு தவறும் இல்லை. உங்களுக்கு எதுவும் "ஆகிவிடவில்லை". மறைக்கல்வியில் நீங்கள் சொல்லிக்கொடுத்ததை நீங்கள் உண்மையாக எடுத்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான்.

கட்டட நிதிக் கணக்கு விஷயமும் இதே வகை. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 537ஆம் பிரிவு ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்று 1287ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்த தடவை கணக்குக் கேட்பவர் இந்த எண்களைச் சொல்லிக் கேட்கட்டும்.

இனி உங்கள் மனதுக்கு வருகிறேன்.

நம்பிக்கை இல்லாமல் போவது நோய் அல்ல. யோசித்துப் பார்த்து, மனசாட்சியோடு மதத்தை விட்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர் நிம்மதியாக வாழ்கிறார்கள். காயப்பட்டு விலகி, பின்னால் வேறு விதமாக நம்பத் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம் போவீர்கள் என்று இப்போது சொல்ல முடியாது, சொல்ல வேண்டிய அவசரமும் இல்லை. பெரிய புனிதர்களுக்கும் இந்த வறட்சி இருந்தது என்று யாராவது உங்களைத் தேற்ற வருவார்கள். அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது, கடவுள் இல்லாத வெறுமையை அவர் பல வருடங்கள் உணர்ந்தது தெரியவந்தது, அது உண்மைதான். ஆனால் அவர் கதை அவருடையது. உங்கள் சந்தேகம் ஏதோ ஒரு சோதனைக்காலம் என்று மற்றவர்கள் முடிவுகட்ட அனுமதிக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பூசையில் மட்டும்தான் ஒட்டவில்லையா, இல்லை சமையல், மகளோடு விளையாடுவது, பாட்டுக் கேட்பது எல்லாவற்றிலும் ருசி போய்விட்டதா? தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருக்கிறதா? இருந்துதான் என்ன என்று தோன்றுகிறதா? அப்படியானால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது; நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். மனச்சோர்வு நோய் இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்துங்கள், கடவுளைப் பற்றிய முடிவை அப்புறம் எடுக்கலாம்.

நரக பயத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம்பிக்கை யோசனையில் இருக்கிறது, பயம் உடம்பில் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் முன்பே நெருப்பையும் பிசாசையும் கேட்டு வளர்ந்தவர் நீங்கள். யோசனை மாறியதும் உடம்பு உடனே மாறிவிடாது. கோயிலைத் தாண்டும்போது கை தானாக நெற்றிக்குப் போகிறதல்லவா, அதே மாதிரிதான் இதுவும். பயம் வருவதால் நீங்கள் இன்னும் நம்புகிறீர்கள் என்று அர்த்தமில்லை, நரகம் உண்மை என்றும் அர்த்தமில்லை. ராத்திரி விழித்துக்கொண்டால் படுக்கையிலேயே அதோடு வாதாடாதீர்கள். எழுந்து விளக்கைப் போட்டு, தண்ணீர் குடித்து, "இது பழைய பயம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னால் தூக்கம் வரும் என்றால் அதையும் சொல்லிவிட்டுத் தூங்குங்கள். அதில் எந்தப் போலித்தனமும் இல்லை. ஆனால் பயத்தைப் போக்க இத்தனை முறை சொல்லியே ஆக வேண்டும் என்று எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால், அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மறைக்கல்வி வகுப்பை விட்டுவிடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பூசையில் உட்காருவது, அம்மாவோடு ஜெபம் சொல்வது எல்லாம் குடும்பத்துக்காகச் செய்யலாம். நீங்கள் நம்பாத ஒன்றை, உங்களை முழுசாக நம்பும் பிள்ளைகளுக்கு உண்மை என்று சொல்வது வேறு. கடிதத்தில் நாக்கு குழறுகிறது என்று எழுதியது அந்த இடத்தில்தான். காரணம் விளக்க வேண்டியதில்லை. "உடம்பும் மனசும் சரியில்லை சாமி, இந்த வருஷம் வேற யாரையாவது பாருங்க" என்றால் போதும், அது பொய்யும் இல்லை.

மகளின் புதுநன்மை உங்களுடைய முடிவு மட்டும் அல்ல. அப்பாவுக்கு நம்பிக்கை இருக்கிறது, பெண்ணும் வெள்ளை கவுனுக்கும் மெழுகுவர்த்திக்கும் ஆசையோடு காத்திருப்பாள். நடக்கட்டும். அதைத் தடுத்தால், உங்கள் போராட்டத்தை அவள் தலையில் ஏற்றியதாகிவிடும். அவள், "நீங்க ஏன்மா நன்மை வாங்கல?" என்று ஒருநாள் கேட்பாள். "அம்மாவுக்கு இப்ப சில கேள்வி இருக்கும்மா, யோசிச்சுக்கிட்டு இருக்கேன். நீ உனக்குத் தோணுறதை எப்ப வேணும்னாலும் என்கிட்ட கேளு" என்று சொல்லுங்கள். கூடவே, பாவசங்கீர்த்தனம் ஆனாலும் வேறு எதுவானாலும், எந்தப் பெரியவர் நடத்தை சங்கடமாக இருந்தாலும் உடனே வந்து சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். புதுநன்மைத் தயாரிப்பில் அதையும் சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கணவரிடம் சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம். ஆனால் "எனக்கு நம்பிக்கை போயிடுச்சு" என்று தொடங்காதீர்கள். பையனிடமிருந்து தொடங்குங்கள். அதைக் கேட்டு அவருக்கும் ரத்தம் கொதிக்கும். அந்த இடத்தில் நீங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் நிற்பீர்கள். நம்பிக்கையைப் பற்றிய பேச்சு அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வரட்டும்.

அம்மா விஷயம் வேறு. அவர் உங்களிடம் இறையியல் கேட்கப்போவதில்லை. "பூசைக்குப் போனியா?" என்றுதான் கேட்பார். "போகலம்மா, மனசு சரியில்ல" என்று சொல்லலாம். அம்மாக்களுக்கு உள்ளே இருக்கும் பயம் பெரும்பாலும் இதுதான்: நான் போனபிறகு யார் எனக்குப் பூசை வைப்பார்கள், கல்லறைத் திருநாளுக்கு யார் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள்? நீங்கள் நம்பாமல் போனதால் அம்மாவின் அடக்கத்துக்கோ பூசைக்கோ தடை வராது. "உனக்கு எல்லாம் முறைப்படி செய்வேன்மா" என்ற உறுதியை நீங்கள் மனதார அவருக்குக் கொடுக்க முடியும். வில்லியனூர் தேர்த்திருவிழாவுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். அங்கே உங்களுக்கு அழுகை வந்தால் அழுங்கள். இத்தனை வருடம் உங்களோடு இருந்த ஒன்றை இழந்திருக்கிறீர்கள். கிறிஸ்துமஸ் ராத்திரியும் பெரிய வியாழனும் இன்னும் சில வருடம் வலிக்கத்தான் செய்யும்.

உங்கள் சந்தேகம் தெரிந்தால் அதைக் கையில் எடுத்துக்கொள்ள வெளியிலும் ஆட்கள் காத்திருப்பார்கள். "எங்க சபைக்கு வாங்க, இங்கதான் உயிருள்ள தேவன்" என்று ஒரு பாஸ்டர் வருவார். "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்று ஒருவர் தோளில் தட்டுவார். "அப்ப தாய் மதத்துக்கே வந்துடுங்க" என்று இன்னொருவர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரியில் கிறிஸ்தவர்கள் 6 சதவீதத்துக்குச் சற்று மேல். சிறிய சமூகம்; வெளியே சொன்னால் எதிரிகள் பயன்படுத்துவார்கள் என்ற பயம் உள்ளே இருக்கிறது, அது வெறும் கற்பனையும் அல்ல. இந்தப் பயத்தைச் சொல்லித்தான் அந்தப் பையனின் விஷயத்தையும் மூடினார்கள். அதனால் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் எதுவும் போட வேண்டாம். புகாரை உரிய இடத்தில் உரிய முறையில் கொடுங்கள். அதே சமயம் இந்த வருடம் புதிதாக எந்தக் கூட்டத்திலும் சேராமல் இருப்பது நல்லது.

கடைசியாக வேலை. உங்கள் பாடத்தை நீங்கள் நன்றாக நடத்துகிறீர்கள், அதற்குத்தான் சம்பளம். உள்ளே என்ன நம்புகிறீர்கள் என்று யாரிடமும் அறிவிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கோபத்தில் ராஜினாமா எழுதிவிடாதீர்கள். புகார் கொடுக்கும் நாளிலிருந்து தேதிவாரியாகக் குறிப்பு எழுதிவையுங்கள்: யாரிடம் பேசினீர்கள், என்ன பதில் வந்தது என்று. புகாரின் நகலையும் ரசீதையும் வீட்டில் வையுங்கள், பள்ளி மேசையில் வேண்டாம். பள்ளித் தரப்பிலிருந்து நெருக்கடி வந்தால் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகுங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், அங்கே இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். 1098க்குப் பேசியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.